அந்த இஞ்சினை நீ பூட்டாதே

அண்ணா, எழுதுவது நான், பாப்பா. ஆனால் இது என் கடிதம் இல்லை. அப்பாவின் வலது கை பேனாவைப் பிடித்தால் சில வரிகளிலேயே நடுங்கத் தொடங்கிவிடுகிறது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல், குறைக்காமல், எல்லாவற்றையும் உண்மையாகப் பதிவு செய்வேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் பேச்சை எழுத்துத் தமிழாக்குவது மட்டும் என் வேலை. மற்றவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன். சேகரன் அங்கிளை ‘அவர்’ என்று எழுதட்டுமா என்று கேட்டேன். “அவன்னே எழுது” என்றார். இனி வரும் ‘நான்’ எல்லாம் அப்பாதான். என் சொந்தச் சொல் எங்காவது வந்தால் அதை அடைப்புக்குள் போடுகிறேன்.

தம்பி,

செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து, “அப்பா, சனிக்கிழமை ஆயர் ஈத்தாம் போறேன். சேகரன் அங்கிளோட காரப் பூட்டிக் குடுத்துட்டு, அடுத்த மாசத்துலேருந்து அவரு கடையிலேயே போமெனா சேந்துக்கறேன்” என்று சொன்னாய். நான் “சரி, பாக்கலாம்” என்று போனை வைத்துவிட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்து நின்ற வார்த்தைகள், உன் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும்போது சொல்லக்கூடியவையாக இல்லை. அதனால் வைத்தேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன்: நான் கழற்றிப் போட்ட அந்த இஞ்சினை நீ பூட்டக்கூடாது. ஏன் என்பதை உனக்கு மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இந்தக் கடிதத்தை, சேகரன் கடைக்கு எதிரே இருக்கும் கரீம் பாய் தன் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒட்டி, பசியாற வருகிறவர்கள் எல்லாரும் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்களுக்காகச் சொல்லிக்கொண்டே போவேன். பொறுத்துக்கொள்.

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீயும் இதே மாதிரி ஓர் உடம்பைத்தான் இந்த வேலைக்குக் கொடுத்திருக்கிறாய். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே நான் சேகரனின் கடையில் போமெனாக, அதாவது கார் மெக்கானிக்காக, இருந்தேன். சிமெண்டுத் தரையில் ஓர் அட்டையை விரித்து, மல்லாந்து படுத்து, மற்றவர்கள் வானத்தைப் பார்க்கிற நேரத்தில் நான் கார்களின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் சிமெண்டின் குளிர் முதுகெலும்புக்குள் ஏறும். இப்போதும் காலையில் எழுந்ததும் நேராக நிற்க எனக்குச் சுவர் வேண்டும். முழங்கால் மடங்கும்போது மணல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். ரேடியேட்டர் மூடி ஒரு தடவை வெடித்துக் கழுத்தில் வெந்த தோல், இன்றும் வெயில் பட்டால் எரிகிறது. இடது காதில் பாதிதான் கேட்கும். பிரேக்கைத் திறந்தால் பறக்கும் தூசி எவ்வளவு உள்ளே போயிற்றோ, இருமினால் வெகுநாள் கறுப்பாகவே வந்தது. கையைச் சீனியும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்ப்பேன். மேல்தோல் போகும், நகத்தடியில் இருக்கும் கறுப்பு போகாது. உன் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தபோதெல்லாம் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு வெட்கம் வரக்கூடாது என்றுதான். நீ அந்தக் கையை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டாய். அதை நான் மறக்கவில்லை. இந்தக் கடிதத்தை எழுதும் தைரியம் எனக்கு அங்கிருந்துதான் வருகிறது.

(அப்பா இதைச் சொல்லும்போது தன் கைகளைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். வலது மணிக்கட்டு, பூட்டியபோது சரியாகப் பொருந்தாத மூடி மாதிரி ஒரு பக்கமாக எழும்பி நிற்கிறது.)

இந்த வேலை என்னைத் தின்றது என்று மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும். ஒரு தடவை பெக்கோக்கிலிருந்து ஓர் உறுமி மேளக் குழு ஜொகூர் பாருவில் நடந்த கல்யாணத்துக்கு வாசிக்கப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வேன் நம் கடைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. உச்சி வெயில். பத்துப் பேரும் மேளத்தோடு வேனைத் தள்ளிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார்கள். தலைவன் அழாத குறையாக, “அண்ணே, பொண்ணு வீட்டுக்காரங்க எங்கள உயிரோட விடமாட்டாங்கண்ணே” என்றான். பெட்ரோல் ஏற்றும் பம்பு போயிருந்தது. பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றி, இதற்குப் பொருந்தும்படி வெட்டி, மாட்டினேன். சாவியைத் திருப்பும் முன் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அந்த நிசப்தம் இருக்கிறதே தம்பி, அதற்காகத்தான் நான் இத்தனை வருடம் தரையில் படுத்தேன். ஓர் இருமல், இரண்டு இருமல், பிறகு இஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. கிளம்புவார்கள் என்று பார்த்தால், தலைவன் கதவைத் திறந்து குதித்தான். “நம்ம போமெனுக்கு ஒரு அடி அடிச்சிட்டுப் போலாம்டா!” எண்ணெய் வழியும் அந்த வாசலில், எனக்காக மட்டும், உறுமி வாசித்தார்கள். உன்னை அம்மா தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நீ அவள் இடுப்பிலிருந்து இறங்கி ஆடினாய். எந்த அமைச்சருக்கும் அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்காது.

அந்தக் கையைத்தான் சேகரன் கெடுத்தான்.

கியர்பாக்ஸை இறக்குவதற்கென்று ஒரு ஜேக் உண்டு. அதை வாங்கச் சொல்லி நான் சேகரனைப் பல தடவை கேட்டேன். “என்னாண்ணே, நெஞ்சு இருக்கும்போது ஜேக் எதுக்கு லா?” என்று எல்லார் முன்னாலும் சிரிப்பான். அதனால் நெஞ்சில்தான் ஏற்றினோம். மல்லாந்து படுத்து, கியர்பாக்ஸை மார்பின் மேல் வைத்து, முழங்காலால் முட்டுக் கொடுத்து, அதன் தண்டு இஞ்சினுக்குள் நுழையும்வரை ஆட்டி ஆட்டித் தள்ள வேண்டும். பின்பக்கத்தை இன்னொருவர் பிடித்திருக்க வேண்டும். பிடித்திருந்தவர் கூட வேலை செய்த மணியம். என் வலது கை கியர்பாக்ஸுக்கும் காரின் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் இருந்தது. அப்போது சேகரன் வாசலிலிருந்து, “மணியம், வாசல்ல நிக்கற கார எடுத்து ஓரமாப் போடு!” என்று கத்தினான். மணியம், “அண்ணன் அடியில இருக்காரு, பாஸ்” என்றார். “ஒரு நிமிசம் தாங்கமாட்டாரா? வா லா, கஸ்டமர் நிக்கறாரு!” மணியம் கையை எடுத்தார். மற்றது என் மணிக்கட்டில் இருக்கிறது.

அதை விபத்து என்று நான் மன்னித்திருப்பேன். அவசரத்தில் ஒருவன் முட்டாள்தனம் செய்யலாம். மன்னிக்க முடியாதது மறுநாள் நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கரீம் பாய் சூப் எடுத்துக்கொண்டு வந்தார். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். பிறகு கேட்டார்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து நீங்க குடிச்சிருந்தீங்களா?”

“யாரு சொன்னா?”

“சேகரன்தான். காலையில பசியாற வந்த அத்தன பேரு முன்னாடியும் சொன்னாரு. விபத்த விசாரிக்க வந்த ஆபீசருகிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்துட்டாராம்.”

அப்போது நான் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க விரதம் இருந்துகொண்டிருந்தேன். தரையில் பாய் போட்டுப் படுத்து, ஒருவேளை சைவச் சாப்பாடு சாப்பிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாயில் அவன் சாராயத்தை ஊற்றினான். ஜேக் இல்லை என்பதை யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. மணியத்துக்கு உண்மை தெரியும். மணியத்துக்கு மூன்று பிள்ளைகளும் அதே கடையில் வேலையும் இருந்தன. அவர் வாயைத் திறக்கவில்லை. அதன்பிறகு கோவிலில் என் பக்கத்தில் நின்றவர்கள் மூச்சை முகர்ந்து பார்க்கிற மாதிரி எனக்குத் தோன்றும். பாப்பா ஒருநாள் பள்ளியிலிருந்து வந்து, “அப்பா, குடிகாரன்னா என்னா?” என்று கேட்டாள். அந்த வாரமே பொந்தியானுக்கு வீடு மாறினோம்.

(வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னிடம் கேட்ட கேள்வி அது. எனக்குப் பதில் தெரியாததால் அப்பாவிடம் கேட்டேன்.)

வருடங்கள் போயின. போன தீபாவளி முடிந்த மறுவாரம் அவனே நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு முறுக்கு டின். பின்னால் இழுவை லாரியின் மேல் அவன் அப்பாவின் பழைய கார். தன் பெண்டாட்டியைவிட அதிகமாக அவன் துடைத்து வைத்திருக்கிற அதே கார்.

“பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்கண்ணே. இஞ்சின்ல டக்குடக்குன்னு ஒரு சத்தம். என் கடைப் பசங்க கம்ப்யூட்டர் மாட்டிப் பாக்கறானுங்க. இதுல கம்ப்யூட்டர் எங்க மாட்டறதுன்னே தெரியாம முழிக்கறானுங்க லா. உங்க காதுதான் வேணும்.”

“கழட்டித்தான் பாக்கணும்.”

“கழட்டுங்க லா! உங்கள நம்பாம யார நம்புறது?”

“மொத்தமாவா?”

“மொத்தமா!”

இரண்டு தடவை அவன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அம்மா உள்ளேயிருந்து என்னைப் பார்த்த பார்வையில், இவருக்கு என்ன ஆயிற்று, சிரிக்கிறாரே என்று இருந்தது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டேன். தேய்ந்துபோன ஒரு சின்னத் துண்டு. அதை மாற்றிக் கொடுத்திருக்கலாம். மூன்றாவது நாளிலிருந்து நான் கழற்றியதெல்லாம் பழிக்காகத்தான். அதை நான் ஒளிக்கவில்லை. ஒரு போமெனுக்கு எதிரியின் கார் கையில் கிடைத்தால் என்னவெல்லாம் தோன்றும் என்று உனக்குத் தெரியும். பிரேக் குழாய் என் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. தொடவில்லை. நல்லவன் என்பதற்காக இல்லை. ரோட்டில் மற்றவர்களும் போகிறார்கள். அதோடு, அவன் ஒரே நாளில் முடிந்துபோவதில் எனக்கு என்ன இருக்கிறது? நீயும் எவன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் பிரேக்கில் கை வைக்காதே. மற்றபடி கோபம் வைத்துக்கொள்வதில் தவறில்லை. நான் ஒவ்வொரு திருகாணியையும் மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பெட்டி பெட்டியாக வைத்தேன். கடைசியில் அங்கே கார் என்று சொல்ல ஓர் ஓடுதான் மிச்சம். அவன் போன் செய்தான்.

“அண்ணே, முடிஞ்சிச்சா?”

“முடிஞ்சிச்சி. மொத்தமா கழட்டியாச்சி. வந்து எடுத்துக்க.”

“எடுத்துக்கவா? பூட்டிக் குடுங்க லா!”

“கழட்டறதுக்கு எடது கை போதும், சேகரா. பூட்டறதுக்கு வலது கை வேணும். அத உன் கடையிலதான் விட்டுட்டு வந்தேன்.”

அவன் போனை அறைந்து வைத்தான். பாதிக் காது கேட்காத எனக்கே கேட்டது. மெதுவாகச் செய்திருந்தால் இந்தக் கையாலும் பூட்டியிருப்பேன். அதையும் எழுது என்றுதான் பாப்பாவிடம் சொல்கிறேன்.

நம் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நீ வேலை செய்யும் சிங்கப்பூர் கடைகளில் இல்லாமல் இருக்கலாம், இங்கே இருக்கிறது. ஒரு போமென் கழற்றிப் போட்ட இஞ்சினை இன்னொரு போமென் பூட்டமாட்டான். எது எங்கே இருந்தது, எது எவ்வளவு தேய்ந்திருந்தது என்பது கழற்றியவனுக்குத்தான் தெரியும். அதற்குமேல், கழற்றியவன் ஏன் பூட்டவில்லை என்று கேட்காமல் யாரும் கை வைப்பதில்லை. சேகரன் அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு குளுவாங் போனான், பத்து பகாட் போனான், சிகாமட் போனான். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்வி: “யாரு கழட்டுனது?” என் பெயரைச் சொல்ல வேண்டும். “ஏன் பூட்டல?” அதற்கு அவன் என்ன சொல்வான்? தமிழன் கடையோ சீனன் கடையோ, கதை அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. இப்போது அந்த ஓடு அவன் கடை வாசலில் நீலக் கான்வாஸுக்கு அடியில் கிடக்கிறது. ஆயர் ஈத்தாமுக்குப் பூச்சட்டி வாங்கப் பஸ்ஸில் வருகிறவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள். கரீம் பாய் எனக்குப் போன் செய்வார். “அண்ணே, இன்னைக்கு நல்ல காத்து. கான்வாஸ் பறந்துபோச்சி. ஆளு பனியனோட பின்னாலயே ஓடறாரு. அலாமாக், நீங்க பாக்கணுமே!” நான் அதை இரண்டாவது தடவையும் சொல்லச் சொல்வேன். இந்த முதுகோடு இத்தனை நிம்மதியாக நான் தூங்கி ரொம்ப நாளாயிற்று.

இப்போது அவன் உன்னிடம் வந்திருக்கிறான். ஏன் உன்னிடம் என்று யோசித்தாயா? ஜொகூர் முழுக்க அந்த இஞ்சினில் கை வைக்கக்கூடிய ஒரே ஆள் நீ. மகன் பூட்டினால் அப்பன் பூட்டியதாகத்தான் அர்த்தம். நீ முதல் ஆணியை முறுக்கிய நிமிடத்தில், “பெரியவரு சமாதானம் ஆயிட்டாரு, எல்லாம் குடிபோதையில நடந்ததுதானே” என்று அவன் கரீம் பாய் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டே சொல்வான். உன் கை அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போடும்.

உன் பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும். அதே போனில் நீயே சொன்னாய்: “அப்பா, நாலு மணிக்கு எழும்பி மோட்டார்ல சிங்கப்பூர்ப் பாலம் தாண்டறேன். மழையில நனைஞ்சி, வரிசையில நின்னு, வேலைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ளயே பாதி உசிரு போயிடுது. சேகரன் அங்கிள் கடையில ஹோய்ஸ்ட் இருக்குப்பா. கார மேல தூக்கிட்டு நின்னுக்கிட்டே வேல செய்யலாம். நீங்க பட்டது எனக்கு வேணாம்.” எனக்கும் அதுதான் ஆசை. நீ தரையில் படுக்கக்கூடாது. முழங்காலுக்கு உறை போடு, பிரேக்கைத் திறந்தால் மூக்கை மூடு, உன் கை உள்ளே இருக்கும்போது பக்கத்தில் இருப்பவனை யார் கூப்பிட்டாலும் விடாதே. ஆனால் அந்த ஹோய்ஸ்ட் எப்போது வந்தது என்று அவனிடம் கேள். என் கை போன பிறகு வந்தது. அதன் ஒரு கால் என் மணிக்கட்டில்தான் ஊன்றியிருக்கிறது. அம்மா, “விட்டுடுங்க, புள்ள நல்லா இருக்கட்டும்” என்கிறாள். பிள்ளை நன்றாக இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். அந்த வேலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு அவன் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டுத் தரட்டும்.

சனிக்கிழமை காலையில் நீ நேராக அவன் கடைக்குப் போகாதே. கரீம் பாய் கடைக்குப் போ. ஆட்கள் பசியாற உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்துப் போ. மணியம் இருக்க வேண்டும். சேகரனை வரச் சொல். அவன் உட்காரக்கூடாது, நின்றுகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்: “அன்னைக்கு அவரு குடிக்கல. மணியத்தக் கூப்பிட்டது நான். நான் பொய் சொன்னேன்.” தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை, அங்கே சாப்பிடுகிற எல்லாருக்கும் தமிழ் தெரியாது. ரொட்டியை மென்றுகொண்டு முணுமுணுத்தால் கணக்கில் வராது. மறுபடியும் சொல்லச் சொல். அவன் சொல்லிவிட்டால், பூட்டு. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது என்று போனிலேயே சொல்கிறேன். தேய்ந்த அந்தத் துண்டுக்குப் புதிதும் நானே வாங்கி வைத்திருக்கிறேன். அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று எவனும் நினைக்க வேண்டாம். அதற்கு இந்த ஒரு காரைக் கழற்றியது போதாது, வேறு ஒரு கார் வேண்டும்.

அவன் சொல்ல மறுத்தால், உன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வா. அம்மா சமைத்து வைத்திருப்பாள். திங்கட்கிழமை மறுபடியும் பாலத்தைத் தாண்டு. கஷ்டம்தான், ஆனால் அங்கே யாரும் உன் அப்பனைக் குடிகாரன் என்று சொல்லவில்லை.

இரண்டும் இல்லாமல், அப்பாவுக்கு வயதாகிவிட்டது, அவர் கோபம் தானே ஆறிவிடும் என்று நினைத்து நீ அந்த இஞ்சினைப் பூட்டினால், உன்னை நான் திட்டமாட்டேன். நீ என் பிள்ளை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஆயர் ஈத்தாம் வருவேன். அவன் கடை வாசலிலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, கடைசி ஆணி வரைக்கும் அதை மறுபடியும் கழற்றுவேன்.

(இவ்வளவுதான் சொன்னார். முழுவதையும் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்க்கச் சொன்னார்; பார்த்துச் சொன்னேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, விளக்குகளை அணைத்துவிட்டார்.)